பெரிய வெள்ளிக் கஞ்சியில் சீனி

பெரிய வெள்ளி, அதாவது புனித வெள்ளி அன்று காலையில் முருகேசு போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சமையல்கூடத்தில் தலைமைச் சமையல்காரன் அவன்தான். குரலில் பதற்றம்.

“அண்ணே, உப்பு அளக்குற மெஷின் ஒண்ணு புதுசா வாங்கியிருக்காங்க. சர்ச் கஞ்சிக்குள்ள அத விட்டா சிவப்பு லைட் எரியுது. உப்பே இல்லங்குது. சரி, போடுவோம்னு போனா செல்வி அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறாங்க. இதுக்குச் சீனிதானாம். பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சில யாருண்ணே சீனி போடுவா?”

“சீனிதான். போடு,” என்றேன்.

“ஏன்னு கேட்டா அக்கா சிரிக்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்கண்ணே.”

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அன்று எனக்கு ஒருசந்தி வேறு. ஒருசந்தி என்றால் எங்கள் கத்தோலிக்கர் வழக்கில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற உபவாசம். வெறும் வயிற்றோடு நீளமாகப் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதியே கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் தொழில் உப்புப் பார்ப்பது. சமையல்காரன் என்றுதான் சம்பளச் சீட்டில் போட்டிருந்தது. ஆனால் பெரிய சமையல்கூடத்தில் சமைப்பதைச் சட்டியும் நெருப்பும் பார்த்துக்கொள்ளும். மனிதன் செய்யவேண்டியது உப்புப் பார்ப்பதுதான். என் அப்பா சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கு முதுகு சரியில்லாததால் சமையலுக்கு வந்தேன். பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து அழுது, சோறு வடித்துக் கை வெந்து, சாம்பாருக்கு உயர்ந்து, கடைசியில் காசிம் பாய்க்கு அடுத்த ஆளாக வந்து நின்றேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

துவாஸ் தொழிலாளர் விடுதிகளுக்குத் தினமும் சாப்பாடு அனுப்புவது எங்கள் பெரிய வேலை. அது போகக் கல்யாணம், கோவில் அன்னதானம், சர்ச் விருந்து எல்லாம் வரும். அத்தனைக்கும் காசிம் பாய்தான் தலைவர். அவருடைய குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் இங்கே வந்தது. அவர் யாரையும் திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். சட்டி இறங்கியதும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவார். தனிக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து இடது உள்ளங்கையில் விடுவார். ஊதுவார். நக்குவார். கண்ணை மூடுவார். நாங்கள் எல்லோரும் பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளைகள் மாதிரி நிற்போம். பிறகு ஒரே ஒரு சொல் வரும். “உப்பு” என்றால் உப்புப் போதாது. “புளி” என்றால் புளி போதாது. எல்லாம் சரியாக இருந்தால் “போ” என்பார். லாரியில் ஏற்று, சாப்பாடு போகட்டும் என்று அர்த்தம். அவரிடம் ஒரு ‘போ’ வாங்கிய நாளில் வீட்டுக்குப் போய் என் மனைவி ரோசலினிடம் சொல்லுவேன். அவளுக்கு அதன் அருமை புரியாது. “போன்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்? நான் தினமும் சொல்றேனே,” என்பாள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். சமையல்கூடத்தில் இரண்டு பெரிய வாளிகள் உண்டு. ஒன்றில் உப்பு, ஒன்றில் பொடிச் சீனி. பலதரப்பட்ட ஆட்கள் வேலை செய்கிற இடம் என்பதால் பெயரை மலாயில், ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். உப்புக்கு மலாயில் காராம், சீனிக்கு கூலா. இரண்டும் ஆங்கிலத்தில் ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கும். ஆவியும் எண்ணெயும் பட்டுப் பட்டு மற்ற எழுத்தெல்லாம் அழிந்து, இரண்டு வாளியிலும் அந்த ‘ஜி’ மட்டும் மிஞ்சியது. புதிதாக எழுதி ஒட்டலாம் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

“நாக்கு இருக்குறவனுக்கு லேபிள் எதுக்கு அந்தோணி? ஒரு சிட்டிகை போட்டுப் பாரு,” என்பார் பாய்.

அந்த நாக்குதான் ஒரு நாள் போய்விட்டது.

அந்த வருடத் தொடக்கத்தில் பாய்க்கு ஒரு காய்ச்சல் வந்து தணிந்தது. வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் ரசம் இறக்கினோம். பாய் உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்கி, கண்ணை மூடி, “போ” என்றார். ஏதோ ஆசையில் நானும் ஒரு வாய் எடுத்தேன். ரசத்தில் உப்பே இல்லை. லாரியை நிறுத்தச் சொல்லி ஓடினேன். திரும்பி வந்தபோது பாய் குளிர் அறைக்குள் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

“கதவச் சாத்து,” என்றார். சாத்தினேன். “காய்ச்சலோட போயிருச்சுப்பா. மணமும் இல்ல, ருசியும் இல்ல. எதப் போட்டாலும் ஈரத் துணியச் சவைக்கிற மாதிரி இருக்கு. டாக்டர் திரும்ப வரலாங்குறாரு, வராமலும் போகலாங்குறாரு.”

“முதலாளிகிட்ட சொல்லிருவோம் பாய்.”

“சொன்னா? நாக்கு இல்லாத சமையக்காரன வச்சு என்ன செய்வாங்க? நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் சாப்பாட்டு ஒப்பந்தத்தப் புதுப்பிக்க விடுதிக்காரங்க ருசி பார்க்க வர்றாங்க. அவங்க முன்னால நான் உப்புப் பார்த்துச் சொல்லணும். தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்க.”

பாய்க்கு ஓய்வு வயது தாண்டிவிட்டது. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத்தான் வைத்திருந்தார்கள். அவருக்கு வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் சட்டிக்கு முன்னால் நிற்காத காசிம் பாயை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. அந்த ஞாயிறு என்னைத் தேக்கா கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். ஒரு பூக்கடை முன்னால் நின்று மல்லிகைச் சரத்துக்குள் மூக்கை நுழைத்து இழுத்தார், மறுபடி இழுத்தார். “வாங்கிட்டு மோந்து பாருங்கய்யா,” என்றாள் பூக்காரம்மா. பாய் ஒரு முழம் வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் பூவோடு வீட்டுக்குப் போனதைப் பார்த்து ரோசலினுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பாயின் நாக்காக நானே இருப்பது என்று முடிவு செய்தோம். அவருக்கு முன்னால் நான் ருசி பார்ப்பேன். உப்புக் குறைந்தால் கரண்டியால் சட்டி விளிம்பில் ஒரு தட்டு, புளி குறைந்தால் இரண்டு தட்டு. சரியாக இருந்தால் சும்மா இருப்பேன். பிறகு பாய் வந்து, நக்கி, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்வார். மசாலா அரைக்கும் செல்வி அக்காவுக்கு மட்டும் இந்தத் தட்டல் உறுத்திக்கொண்டே இருந்தது. “ஏன் அந்தோணி, உங்க தவக்காலத்துல மணி அடிக்கக்கூடாதா? கரண்டிய அடிக்கிற?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதில் பாதி உண்மையும் இருந்தது. பெரிய வியாழன் இரவுக்குப் பிறகு எங்கள் சர்ச்சில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள்.

அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமும் வந்திருந்தது. எனக்கு அதில்தான் சிக்கல். தவக்காலம் முழுவதும் ஞாயிறு நீங்கலாக ஒருசந்தி இருப்பது என் வழக்கம். இருப்பேன் என்பதைவிட, இருக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருப்பேன். சவரம் செய்யமாட்டேன். உதடு காய்ந்திருக்கும். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத சீனப் பெரியவரிடம்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டாலே எரிந்து விழுவேன். “ஒருசந்தி நீங்க இருக்கீங்க, தவம் நாங்க இருக்கோம்,” என்பாள் ரோசலின். இப்படிப்பட்டவன் தினமும் பதினைந்து சட்டியில் உப்புப் பார்த்தால் அது உபவாசத்தில் சேருமா? வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போனேன். என்னைவிட வயதில் சிறியவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

“ஃபாதர், ஒருசந்தி இருக்குறவன் உப்புப் பார்க்கலாமா?”

“முழுங்குவீங்களா, துப்புவீங்களா?”

“துப்பிருவேன் ஃபாதர்.”

“பிரியாணியையுமா?”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

“பிரியாணியத் துப்புறீங்கன்னா அதைவிடப் பெரிய தவம் என்ன இருக்கு? தாராளமாப் பார்க்கலாம், கேன் லா,” என்றார். பிறகு, “எந்தக் கருத்துக்காக இருக்கீங்க?” என்று கேட்டார்.

யாருக்காக, எதற்காக என்று வேண்டிக்கொள்கிற கருத்து எதுவும் இல்லை, வழக்கமாக இருப்பதுதான் என்றேன்.

“செபம் இல்லாம பட்டினி கிடந்தா அதுக்குப் பேரு டயட், அந்தோணி அண்ணே. ஜிம்முக்குப் போறவன் உங்களவிட நல்லா செய்வான்.”

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தேன், பாயைத் தவிர வேறு நினைப்பு வரவில்லை. “ஒரு முஸ்லிம் நண்பர் ஃபாதர். நாக்குல ருசி போயிருச்சு. அவருக்காக இருக்கலாமா?”

“கடவுள் ஐசி கார்டு வாங்கி யாரு என்னன்னு பார்த்துட்டா கொடுக்கப்போறாரு? இருங்க. ஆனா ஒரு கண்டிஷன். இந்த வருஷம் ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. ஷேவ் பண்ணிட்டுப் போங்க.”

அந்தத் தவக்காலம் என் வாழ்க்கையிலேயே கடினமானது. பசியை அடக்கி எனக்குப் பழக்கம் உண்டு. பசிக்கிறது என்று சொல்லாமல் இருக்கத்தான் பழக்கம் இல்லை. ரயிலில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் துறுதுறுக்கும். ஆனால் வேறொன்றும் நடந்தது. வயிறு கூப்பிடுகிறபோதெல்லாம் பாயின் நாக்கு நினைவுக்கு வந்தது. நினைவு வந்தபோதெல்லாம், “ஆண்டவரே, அந்த மனுஷனுக்கு ருசியைத் திருப்பிக் கொடும்,” என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன். கோவில் மணி அடித்துக் கூப்பிடுகிற மாதிரி என் வயிறே அடித்து என்னைச் செபத்துக்குக் கூப்பிட்டது. இத்தனை வருடம் பட்டினி கிடந்தும் எனக்குப் பசி மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்த வருடம்தான் அந்தப் பசியில் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. வீட்டில் நான் எரிந்து விழவில்லை. ரோசலின் என்னை டாக்டரிடம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

தவக்காலத்தின் நடுவே ரம்ஜான் பிறந்தது. பாய்க்கு நிம்மதி. நோன்பு மாதத்தில் அவர் நாக்கால் உப்புப் பார்ப்பதில்லை, சட்டிக்கு மேலே குனிந்து மணத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்பது எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இப்போது மணமும் இல்லை. ஆனாலும் குனிவார். ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகும். அந்த மங்கிய கண்ணாடிக்கு மேலாக என் முகத்தைப் பார்ப்பார். நான் தட்டுவேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளி ரம்ஜானுக்குள்ளே வந்து விழுந்தது. அரசு விடுமுறை. கூடத்தில் நானும் பாயும் செல்வி அக்காவும் மட்டும். எங்கள் பங்குக் கோவிலில் மூன்று மணி வழிபாடு முடிந்ததும் முந்நூறு பேருக்குக் கஞ்சி கொடுக்கவேண்டும். அரிசி, பாசிப்பயறு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்த்த சுத்த சைவக் கஞ்சி. தொட்டுக்கொள்ள முதல் நாளே அரைத்துவைத்த துவையல். பக்கத்து அடுப்பில் துவாஸ் விடுதிக்கான நோன்புக் கஞ்சி, ஆட்டிறைச்சி போட்டது. அதற்கு உப்புக் கலந்த மசாலா முதல் நாளே தயாராக இருந்ததால் அது தப்பித்தது.

என் கஞ்சிக்கு உப்புப் போடப் போனேன். முதல் நாள்தான் வாளிகள் இரண்டையும் கழுவி நிரப்பி வைத்திருந்தார்கள். எது எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியவில்லை. இரண்டிலும் வெள்ளை. இரண்டிலும் ‘ஜி’.

“பாய், எது காராம்?”

“ஒரு சிட்டிகை போட்டுப் பாரு,” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுப் பாய் நிறுத்திக்கொண்டார்.

பெரிய வெள்ளி அன்று மாலை வரை என் நாக்கில் எதுவும் படக்கூடாது. ஃபாதர் அனுமதி கொடுத்தார்தான். ஆனால் பெரிய வெள்ளிக்கு என்று நான் தனியாகக் கேட்கவில்லை. பாய் நோன்பு, நோன்பு இல்லாவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. இருவரும் செல்வி அக்காவைப் பார்த்தோம்.

“என்னப் பார்க்காதீங்க. எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். பச்சத் தண்ணி பல்லுல படாது,” என்றார் அக்கா.

மூன்று மதமும் ஒரே காலையில் உபவாசம் இருந்தால் உப்புக்கு ஆள் இல்லை. கடைசியில் பாய் பழைய அதிகாரத்தோடு கையை நீட்டினார். “வலது பக்கம். எப்பவும் உப்பு வலது பக்கந்தான்.” பாய் கை காட்டினால் அங்கே மறுபேச்சு கிடையாது. வலது வாளியிலிருந்து கரண்டி நிறைய அள்ளிப் போட்டேன். ருசி பார்க்க முடியாததால் எனக்கு நிச்சயம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாய், “பயறு உப்ப இழுக்கும்,” என்று அவரும் அள்ளிப் போட்டார். நான் துவையலை மூடப் போன நேரத்தில், நான் மறந்திருப்பேன் என்று நினைத்துச் செல்வி அக்காவும் தாராளமாகப் போட்டிருக்கிறார்.

கோவிலில் நானே நின்று கஞ்சி ஊற்றினேன். ஜனங்கள் முதல் வாய் குடித்ததும் அமைதியானார்கள். அப்படி ஒரு அமைதியை நான் பூசையில்கூடப் பார்த்ததில்லை. ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒருவர் துவையலை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வழிபாடு அவ்வளவு உருக்கமாக இருந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். ஒரு பெண் வந்து, “அங்கிள், திஸ் இயர் ஸ்பெஷலா?” என்றாள். ஆமாம்மா, ஸ்பெஷல் என்றேன். ஃபாதர் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். “சிலுவையில ஆண்டவருக்குப் புளிச்ச காடியக் கொடுத்தாங்க. நமக்கு இது பெரிசில்ல,” என்றார். பிரசங்கத்தின் மிச்சம் போலிருக்கிறது என்று நானும் பக்தியோடு தலையாட்டினேன்.

பாய்க்கென்று ஒரு டப்பாவில் கஞ்சி எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன். நோன்புக் கஞ்சி முழுவதும் துவாஸ் போய்விட்டது. செல்வி அக்காவும் வீட்டுக்குப் போயிருந்தார். லாரி வந்து நிற்கிற மேடையில், கவிழ்த்துப் போட்ட கூடைகளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். என் ஒருசந்தியும் அவர் நோன்பும் சேர்ந்தே முடியட்டும் என்று எனக்கு ஆசை. பாயின் போனில் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. அவர் துஆ ஓதினார். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பசி என்று நினைத்தேன். பிறகு பழைய பழக்கத்தில் கஞ்சியை உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்கினார். கண்ணை மூடினார்.

“எந்த மடையன்டா கஞ்சில சீனி போட்டது!” என்று கத்தினார்.

நான் அவசரமாக ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். பூண்டும் வெந்தயமும் சீனியும். அந்த முந்நூறு முகமும் வரிசையாக என் கண் முன்னால் வந்தன. “ஐயோ பாய், சர்ச் முழுக்க...” என்று எழுந்தேன். பாய் எழவில்லை. உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிக்குது அந்தோணி,” என்றார். “எனக்கு இனிக்குதுப்பா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அழுதுவிட்டேன். அவரும் அழுதார். அழுதுகொண்டே அந்தக் கண்றாவிக் கஞ்சியை டப்பா காலியாகும் வரை நக்கினார். பிறகு உள்ளே ஓடி இரண்டு வாளியிலும் மாற்றி மாற்றி விரலை விட்டு, “இது கூலா! இது... இரு, லேசாத் தெரியுது... காராம்! காராம்!” என்று குழந்தை மாதிரிக் கூத்தாடினார். சுகாதார அதிகாரிகள் பார்த்திருந்தால் கூடத்தையே மூடியிருப்பார்கள்.

“எல்லாம் ரம்ஜான் பரக்கத், அல்லாவோட அருள்,” என்றார் பாய். தவக்காலம் முழுக்க அவருக்காக நான் ஒருசந்தி இருந்ததை அப்போதுதான் சொன்னேன். பாய் என் தலையில் கை வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “மூணு பேரு போட்டோமே, அது உப்பா இருந்திருந்தா உன் சர்ச்சுல ஒருத்தரும் ஈஸ்டருக்கு எழுந்திருக்க மாட்டாங்க. அதையும் உன் ஆண்டவர்தான் பார்த்துக்கிட்டாரு போ.”

தானாகவே திரும்பி வருவது உண்டு என்றார் டாக்டர். அவரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. கடவுள் எந்தக் கையால் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பெருநாள் முடிந்து விடுதிக்காரர்கள் வந்தபோது பழக்க தோஷத்தில் நான் கரண்டியை ஓங்கினேன். பாய் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுத் தானே நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். விடுதி ஒப்பந்தமும் நிலைத்தது, பாயும் நிலைத்தார்.

ஈஸ்டர் அன்று ஃபாதரிடம் சீனி விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார். “வெளிய சொல்லிராதீங்க. இப்படி ஒரு தவம் செஞ்சதே இல்லன்னு எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க,” என்றார். அடுத்த வருடம் சர்ச்சின் பங்குப் பேரவையிலிருந்து ஆர்டர் வந்தது: போன வருடம் கொடுத்த அதே கஞ்சி. அன்றிலிருந்து அதே கஞ்சிதான், முருகேசு. மெஷின் சிவப்பு விளக்குப் போட்டால் போடட்டும்.

இந்தப் பெரிய வெள்ளிக்கும் வழிபாடு முடிந்து ஒரு டப்பாவில் கஞ்சி வாங்கிக்கொண்டேன். பாயும் இப்போது ஓய்வுதான். புக்கிட் பாத்தோக்கில் என் அடுக்குமாடி புளோக்குக்கு அடுத்த புளோக். கதவைத் திறந்ததும் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். வந்து உட்கார்ந்து இடது உள்ளங்கையை நீட்டினார். ஊற்றினேன். ஊதினார், நக்கினார், கண்ணை மூடினார். முகம் அஷ்டகோணலானது. கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது.

“போ,” என்றார்.